திரும்பி வரும்போது மட்டும்

போகும்போது ஒரு தொந்தரவும் கிடையாது. காலை ஏழு மணிக்குக் கயிற்றை அவிழ்த்தால் ஏழரைக்கெல்லாம் அக்கரைத் துறையில் மூக்கை வைத்துவிடும். திரும்பி வரும்போதுதான் அந்தப் படகுக்கு வினை. ஏரியின் நட்டநடுவில், இரண்டு கரையும் ஒரே தூரத்தில் தெரிகிற இடத்தில், எஞ்சினின் குரல் கம்மிப்போகும். முடுக்கியை முழுக்கத் தள்ளிப் பிடித்திருந்தாலும் எஞ்சின் வேகம் காட்டும் முள் மூவாயிரத்து எண்ணூறிலிருந்து இறங்கி இறங்கி ஆயிரத்து எண்ணூறில் வந்து உட்காரும். அதுவரை தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு வந்த படகு, பின்பக்கம் அமுங்கி, மூக்கை ஆகாசத்துக்குத் தூக்கிக்கொண்டு, நிறைமாதக்காரி மாடியேறுகிற மாதிரி நகரும்.

இரண்டு வாரத்தில் ஐந்து முறை ஆகிவிட்டது. ஐந்து முறையும் படகுக்காரன் அதே காரியத்தைத்தான் செய்தான். எஞ்சினை நிறுத்துவான். பின்பெஞ்சில் படுத்திருக்கும் தன் அக்காவையும், அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டிருக்கும் பெண்டாட்டியையும் "எழுந்திருங்க, எழுந்திருங்க" என்று முன்பக்கம் விரட்டுவான். பெஞ்சுப் பலகையைத் தூக்குவான். எஞ்சின் பெட்டியைத் திறப்பான். கைக்கு எட்டியதையெல்லாம் தட்டுவான், முறுக்குவான், அதன் பரம்பரையையே திட்டுவான். மறுபடி சாவியைத் திருப்பினால் எஞ்சின் ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி ஓடும். எல்லாரும் பழையபடி உட்காருவார்கள். பத்து நிமிடம் போகும். அப்புறம் மறுபடி கம்மும். அரைமணிப் பயணம் ஒன்றேகால் மணி ஆகும்.

படகுக்கு வயது இருபத்தெட்டு. மூன்று கை மாறி இவனிடம் வந்தது. எஞ்சின் உள்ளே, பின்பக்கத்துப் பெட்டிக்குள் இருக்கும். தண்ணீரைத் தள்ளுகிற விசிறியோடு அதன் கால் மட்டும் வெளியே தண்ணீருக்குள் தொங்கும். இப்போது வருகிற படகுகளில் எஞ்சினே வெளியே தொங்குகிறது, கெட்டால் கழற்றிக் கரையில் வைத்துப் பார்க்கலாம். இதற்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எது கெட்டாலும் பெட்டிக்குள் தலைகீழாகத் தொங்கித்தான் பார்க்க வேண்டும். படகுக்காரனுக்கு நெற்றியில் மூன்று தழும்பு உண்டு, மூன்றும் அந்தப் பெட்டி மூடி கொடுத்தவை.

அவன் மனைவி தையல்காரி. துறையில் எந்தப் படகுக்கு இருக்கை உறை கிழிந்தாலும், வெயில் துணி நைந்தாலும் அவளிடம்தான் வரும். கழுத்தில் அளவு நாடா எப்போதும் தொங்கும். நல்ல கனத்த உடம்பு. "மெஷின்ல உக்காந்து உக்காந்து இப்படி ஆயிட்டேன்" என்று தானே சொல்லிக்கொள்வாள். வேறு யாராவது சொன்னால் அவர்கள் துணி ஒரு வாரம் தள்ளிப்போகும்.

ஒன்றரை மாதத்துக்கு முன்னால் படகுக்காரனின் அக்கா இவர்களோடு வந்து சேர்ந்தாள். தபால் ஆபீசில் முப்பது வருடம் முத்திரை குத்தியவள். கட்டினவன் போய்ப் பல காலம் ஆயிற்று, பிள்ளை இல்லை. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் மூன்று நாள், செவ்வாய், வியாழன், சனி, அக்கரை ஆஸ்பத்திரிக்குப் போய், நான்கு மணி நேரம் மெஷினோடு கையைப் பிணைத்துக்கொண்டு ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். ரோட்டு வழி சுற்றினால் போக மூன்று மணி, வர மூன்று மணி. அந்த உடம்பு தாங்காது. படகில் அரை மணி. தம்பி வீட்டுக்கு அவள் வந்ததே அந்த அரை மணிக்காகத்தான்.

போகும்போது அவள் முன்னால் காற்று படுகிற இடத்தில் உட்கார்ந்துகொள்வாள். பக்கத்தில் தையல்காரி. திரும்பும்போது துவைத்துப் பிழிந்த துணியாக இருப்பாள், உட்கார முடியாது. முதல் மாதம் படகுத் தரையில் பாய் விரித்துப் படுத்து வந்தாள். அக்கா தரையில் கிடக்கிறாளே என்று தம்பிக்கு மனசு கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மெனக்கெட்டு, பெட்ரோல் டாங்க்குக்கு மேலே, பக்கவாட்டில் ஆள் நீளத்துக்கு ஒரு பெஞ்சு அடித்தான். தையல்காரி அதற்குப் பஞ்சு வைத்து நீல உறை தைத்துப் போட்டாள். அதில் வேறு யாரும் உட்காரக் கூடாது என்று உத்தரவு. மற்ற நாளில் ஏறுகிற கூலிக்காரர்கள் மூட்டையைக்கூட அதன்மேல் வைக்க முடியாது, படகுக்காரன் கத்துவான்.

ஐந்தாவது முறை நின்றதற்கு மறுநாள் மெக்கானிக் வந்தார். அவருக்குப் 'பார்க்கலாம்' என்றுதான் பெயர். நாளைக்கு வருவீங்களா என்றால் பார்க்கலாம். டீ சாப்பிடறீங்களா என்றால் பார்க்கலாம். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டபோதும் அதையே சொன்னார் என்று ஒரு பேச்சு. முப்பத்திரண்டு வருடமாக அந்த அம்மாள் அதைச் சொல்லிக்காட்டிக்கொண்டிருக்கிறாள்.

படகைத் துறையிலேயே கட்டி வைத்து, குனிய வசதியாகப் பின்பெஞ்சுப் பலகையைக் கழற்றிக் கரையில் சாத்திவிட்டு, அவர் வேலையைத் தொடங்கினார். பிளக்குகளைக் கழற்றிச் செய்தித்தாளில் வரிசையாக அடுக்கினார். எல்லாம் பிஸ்கெட் நிறம். குற்றம் சொல்ல முடியாது. வடிகட்டியில் இருந்த பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. தையல்காரியைக் கூப்பிட்டு முடுக்கியை முழுக்கத் தள்ளச் சொல்லி, இந்தப் பக்கம் கார்புரேட்டரின் வாய் முழுக்கத் திறக்கிறதா என்று பார்த்தார். திறந்தது. புகைக்குழாய்க்குள் முழங்கை வரை கையை விட்டு, உள்ளே இருக்கிற ரப்பர் மடல் அறுந்து வழியை அடைத்திருக்கிறதா என்று துழாவினார். மடல் இருந்த இடத்தில் இருந்தது.

"தங்கச்சி, நகச்சாயம் இருக்கா?"

"எதுக்குண்ணே? எனக்கெதுக்கு நகச்சாயம், தைக்கிற கையில? சாக்பீஸ் தரட்டா?"

"தண்ணில அழிஞ்சிடும்மா."

தையல்காரி அண்ணி என்று கூப்பிடுகிற படகுக்காரனின் அக்காவிடம் ஒன்று இருந்தது. தபால் ஆபீஸ் காலத்துச் சிவப்பு. அதை வாங்கி விசிறியின் நடுக்குடத்திலிருந்து இறக்கை வரைக்கும் ஒரே கோடாக இழுத்தார். குடத்துக்கு உள்ளே இருக்கும் ரப்பர் வழுக்கினால் எஞ்சின் சுற்றும், இறக்கை சுற்றாது, கோடு விலகிவிடும். கோடு போட்டபின் படகுக்காரனும் அவரும் ஏரியை மூன்று சுற்று சுற்றி வந்தார்கள். திரும்பி வந்து பார்த்தால் கோடு கோடாகவே இருந்தது. முள்ளும் மூவாயிரத்து எண்ணூறை விட்டு அசையவில்லை.

"டாங்க்ல பாத்தீங்களா?" என்று படகுக்காரன் கேட்டான்.

"பாக்காம இருப்பனா? சட்டில இருந்தாத்தானே அகப்பைல வரும். அதையுந்தான் பாத்தேன்." மூடியைத் திறந்து வைத்து, வெளிப்பக்கத்து மூச்சுக்குழாயில் வாய் வைத்து ஊதியிருந்தார். டாங்க் வாயில் காற்று நன்றாகவே வந்தது. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று போக வேண்டிய வழி அது. "அடைப்பு இல்ல. அது நின்னு போறப்ப நீ என்னிக்காவது டாங்க் மூடியைத் தெறந்து பாத்தியா?"

"எஞ்சின் கொதிச்சிக்கிட்டு இருக்கறப்ப பெட்ரோல் மூடியைத் தெறக்கச் சொல்றீங்களா? மூணு உசுரு இருக்குண்ணே படகுல."

பார்க்கலாம் தலையைச் சொறிந்துகொண்டார். கையில் இருந்த கிரீஸ் எல்லாம் தலைக்குப் போயிற்று.

"எனக்கு முன்னால நல்லா ஓடுது. உனக்கு மட்டும் படுத்துக்குது. படகா இது, பொண்டாட்டியா? சரி, தங்கச்சி, நீ சொல்லு. எந்தெந்த நாள் நிக்குது? யார் யார் இருந்தீங்க?"

தையல்காரி விரல் விட்டு எண்ணினாள். முதல் செவ்வாய். அடுத்த வியாழன். சனிக்கிழமை. எண்ண எண்ண அவள் குரல் சின்னதாகிக்கொண்டே வந்தது.

"அண்ணி ஆஸ்பத்திரிலேர்ந்து வர்ற நாள்ல மட்டும்தாண்ணே."

"மத்த நாள்?"

"ஒரு நாளும் இல்ல. முந்தாநாள் பதினோரு பேரு, எட்டு மூட்டை சிமெண்டு. நிக்கலை."

சொல்லி முடித்ததும் அவளுக்கே ஒரு மாதிரி ஆயிற்று. அதுவரை மனசுக்குள் புகையாக இருந்த ஒன்று வாயிலிருந்து உருவமாக வெளியே வந்து விழுந்த மாதிரி. அண்ணி வந்தது ஒன்றரை மாதத்துக்கு முன்னால். படகு மக்கர் செய்ய ஆரம்பித்தது இரண்டு வாரத்துக்கு முன்னால். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று சொல்லிப் பார்த்தாள். ஒரு தடவை விழுந்தால் அப்படிச் சொல்லலாம். உட்காரும்போதெல்லாம் விழுந்தால்?

அன்றைக்குச் சாயங்காலம் அடுப்படியில் நின்றுகொண்டு உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தாள். அண்ணிக்கு என்று வைக்கிற கிழங்கை ஒரு கொதி விட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் மறுபடி வேகவைக்க வேண்டும். கிழங்கில் இருக்கிற ஏதோ ஒரு உப்பு அந்த உடம்புக்கு ஆகாது. முட்டையில் வெள்ளை மட்டும். குடிக்கத் தண்ணீர் ஒரு நாளைக்கு ஒரு பாட்டில், அதில் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தார்கள். அலுக்காமல்தான் செய்தாள். நாத்தனாருக்குச் செய்கிறோமே என்று ஒரு நாளும் முகம் சுளித்தது கிடையாது. ஆனாலும் மனசு என்பது தனி நாய், கட்டிப்போட்டாலும் குரைக்கும்.

"ஏங்க, நான் ஒண்ணு சொன்னா திட்டக் கூடாது."

படகுக்காரன் வாசலில் உட்கார்ந்து விரல் இடுக்கில் இருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தான். "சொல்லு."

"பதினோரு பேரு ஏறினா நிக்காத படகு, அண்ணி ஒருத்தங்க ஏறினா நிக்குதுன்னா… நான் தப்பா சொல்லலை. ஆனா அவங்க வந்ததுலேர்ந்துதானே? ராசின்னு ஒண்ணு இருக்கா இல்லையான்னு எனக்கே தெரியலை. ஏதாவது ஒரு பரிகாரம்…"

"அறிவுகெட்டத்தனமா பேசாத."

அவன் அப்படிச் சொன்னான். ஆனால் உடனே சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் சொன்னான். அந்தக் கொஞ்ச நேரத்தில் தையல்காரி திரும்பிப் பார்த்தாள். அடுப்படிக் கதவோரம் அண்ணி நின்றுகொண்டிருந்தாள், கையில் காலி டம்ளரோடு.

 அண்ணி வந்து பாட்டிலை எடுத்து, கோட்டைப் பார்த்து, கால் டம்ளர் ஊற்றி, நின்றபடியே குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். கவிழ்த்து வைத்த டம்ளரையே பார்த்துக்கொண்டு தையல்காரி நின்றாள். கிழங்கு அடியில் பிடித்துத் தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் நினைவு வந்தது.

மறுநாள் சனிக்கிழமை காலை ஆறரைக்கு அண்ணி கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை.

"உடம்பு முடியலையாக்கா?" என்று தம்பி கேட்டான்.

"உடம்புக்கு என்ன, எப்பவும் போலத்தான். நான் வரலை."

"வரலைன்னா?"

"வரலைன்னா வரலை. தபால்லதான் திருப்பி அனுப்பறதுக்குக் காரணம் எழுதணும். இதுக்கு எழுத வேண்டாம்."

தையல்காரி உள்ளே வந்தாள். அவள் கையில் பாதி தைத்த ரவிக்கை ஒன்று. ஆஸ்பத்திரியில் ஊசி குத்துகிற அண்ணியின் இடது கைக்கு வசதியாகத் தோளிலிருந்து முழங்கை வரை பட்டன் வைத்துத் திறக்கிற மாதிரி ஒன்று தைக்கலாம் என்று பத்து நாளாக ஆரம்பித்து வைத்திருந்தாள். கை அளவு மட்டும்தான் பாக்கி.

"அண்ணி, ஒரு நிமிஷம் கையை நீட்டுங்க, அளவு மட்டும்…"

"எதுக்கும்மா இனிமே." அண்ணி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். சாந்தமாகச் சொன்னாள்.

ஒரு முறை போகாவிட்டால் மூச்சு வாங்கும், கால் வீங்கும். இரண்டாவது முறையும் போகாவிட்டால் என்ன ஆகும் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் முதல் நாளே சொல்லியிருந்தாள். அந்த நர்ஸ் எதையும் பூசி மெழுகிச் சொல்கிறவள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அண்ணியின் செருப்பு காலில் ஏறவில்லை. திங்கட்கிழமை இரண்டு தலையணை வைத்து உட்கார்ந்தபடி தூங்கினாள். தையல்காரிக்கு மெஷினில் நூல் கோக்கவே கை வரவில்லை. மன்னிச்சிடுங்க அண்ணி என்று சொல்ல நாலு தடவை அறை வாசல் வரை போனாள். நாலு தடவையும் வேறு எதையோ கேட்டுவிட்டுத் திரும்பினாள். மன்னிப்புக் கேட்டால், சொன்னது மனசில் இல்லை என்று சொல்ல வேண்டும். மனசில் இருக்கிறதா இல்லையா என்று அவளுக்கே விளங்கவில்லை. ஐந்து தடவை நின்றது நிஜம்தானே?

திங்கட்கிழமை சாயங்காலம் பார்க்கலாம் வந்தார். படகுக்காரன் எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். நேராக அண்ணியின் அறைக்குப் போய், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தையல்காரி கதவுக்கு வெளியே நின்றாள்.

"டீச்சர்," என்றார். அண்ணி டீச்சர் இல்லை. கண்ணாடி போட்ட பெண்கள் எல்லாரும் அவருக்கு டீச்சர். "எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணணும். நாளைக்கு என்கூட படகுல வரணும்."

"நான் ஏறினாத்தான் அது நிக்குதே."

"அதுக்குத்தான் கூப்பிடறேன். நோயாளி வராம டாக்டர் எப்படி நோயைக் கண்டுபிடிப்பாரு? எனக்கு முன்னால அது நல்ல பிள்ளையா நடிக்குது. நீங்க இருந்தாத்தான் உண்மை பேசும் போலருக்கு. நீங்கதான் சாட்சி."

அண்ணி தலையணையில் சாய்ந்து நிமிர்ந்தாள். அப்புறம் இடது கையை நீட்டினாள். "இதைத் தொட்டுப் பாருங்க." ஊசி குத்துவதற்காக ரத்தக் குழாய் இரண்டைச் சேர்த்துத் தைத்த அந்த இடம் எப்போதும் அதிர்ந்துகொண்டே இருக்கும். அவர் இரண்டு விரலை வைத்துப் பார்த்துவிட்டு, கேட்கலாமா என்று கண்ணால் கேட்டு, குனிந்து காதையும் வைத்தார்.

"அடேயப்பா. சீரா ஓடுதே."

"ஓடுது. அதுதான் எனக்கும் அலுப்பா இருக்கு." அண்ணி சிரித்த மாதிரி இருந்தது. "வரேன். ஆனா நாளைக்கும் நின்னுச்சுன்னா, அப்புறம் என்னை யாரும் கூப்பிடக் கூடாது. உங்க தங்கச்சியும் கூப்பிடக் கூடாது. சரியா?"

"பார்க்கலாம்," என்றார் அவர். 

செவ்வாய்க்கிழமை ஏரி துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. போகும்போது ஒரு தொந்தரவும் இல்லை. ஆஸ்பத்திரியில் நான்கு மணி நேரத்துக்குப் பதில் ஐந்து மணி நேரம் மெஷினில் போட்டார்கள். நர்ஸ் எல்லாரையும் நிற்க வைத்துத் திட்டினாள். பார்க்கலாமுக்கும் சேர்த்துத் திட்டு விழுந்தது. அவர் யார் என்றே அவளுக்குத் தெரியாது.

இரண்டு மணிக்குத் திரும்பினார்கள். படகில் ஏறியதும் பார்க்கலாம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "எப்பவும் எப்படி வருவீங்களோ அப்படியே வாங்க. எனக்காக எதையும் மாத்தாதீங்க. நின்னா யாரும் எழுந்திருக்கக் கூடாது, எதையும் தூக்கக் கூடாது. நான் சொல்றவரைக்கும் பொம்மை மாதிரி இருக்கணும்."

அண்ணி நீல மெத்தையில் படுத்தாள். தையல்காரி தலைமாட்டில் உட்கார்ந்து அந்தத் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். மூன்று நாளாக முகம் பார்த்துப் பேசாத தலை. கனமே இல்லை. முடி எல்லாம் மருந்து வாசனை. தையல்காரி கண்ணை முள்ளிலேயே வைத்திருந்தாள். மூவாயிரத்து எண்ணூறு. அக்கரை சின்னதாகிக்கொண்டே போயிற்று. மூவாயிரத்து எண்ணூறு. யார் யாரையோ வேண்டிக்கொண்டாள். நடு ஏரியை எடுத்துக்காட்டும் சிவப்புக் கம்பம் தெரிந்தது.

முள் நடுங்கியது. இறங்கியது.

படகு பின்பக்கம் அமுங்கி மூக்கைத் தூக்கியது.  அண்ணி கண்ணை மூடியபடியே, "போதும்," என்றாள். "பாத்துட்டீங்கல்ல? போதும்."

"பொறுங்க டீச்சர். தம்பி, நிறுத்து."

எஞ்சின் நின்றது. பார்க்கலாம் ஓரத்தில் இருந்த டாங்க் மூடியைத் திருகினார். பாதி திருகும்போதே உஸ்ஸ் என்று ஒரு சத்தம் வந்தது. உள்ளே போகிற காற்றின் சத்தம். ரொம்ப நேரம் வந்தது. அவர் முகம் மாறிப்போயிற்று.

"மூச்சு முட்டியிருக்கு. டாங்க்குக்குக் காத்தே போகலை. காத்துப் போகாட்டி பம்பு என்னத்த உறிஞ்சினாலும் பெட்ரோல் வராது." சொல்லிவிட்டுத் தானே குழம்பினார். "ஆனா மூச்சுக்குழாயை அன்னிக்கு நானே ஊதிப் பாத்தேனே. நல்லாத்தானே இருந்துச்சு!"

பையிலிருந்து கை நீளத்துக்கு ஒரு ரப்பர் குழாயை எடுத்தார். படகின் வெளிப்பக்கம் குனிந்து, மூச்சுக்குழாயின் வாயில் அதைச் சொருகினார். "தம்பி, டாங்க் வாயில உள்ளங்கையை வை. நான் ஊதறேன். காத்து வருதா சொல்லு."

கன்னம் இரண்டும் பலூனாக ஊதினார்.

"வரலைண்ணே."

மறுபடி ஊதினார். முகம் சிவந்தது. "வரலை."

அண்ணி கண்ணைத் திறந்தாள். மெள்ளக் கையை ஊன்றி எழுந்தாள். யாரும் பிடிப்பதற்குள் எழுந்து, தட்டுத்தடுமாறி முன்பக்க இருக்கைக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இப்ப ஊதுங்க," என்றாள். "இப்ப வரும்."

 வரக் கூடாது, வரக் கூடாது என்று தையல்காரியின் மனசு கத்தியது. பார்க்கலாம் விடாமல் ஊதினார். படகுக்காரன் உள்ளங்கையை வைத்தபடி அக்காவைப் பார்த்தான்.

"வரலை," என்றான். "வரலைக்கா! இப்பவும் வரலை!"

அண்ணியின் முகத்தில் ஒன்றும் புரியாத ஒரு பார்வை. தையல்காரிக்கும் ஒன்றும் புரியவில்லை. சந்தோஷப்படுவதா வேண்டாமா என்றுகூடத் தெரியவில்லை. நிற்கிற அண்ணி விழுந்துவிடப் போகிறாளே என்று மட்டும் தோன்றியது. பிடித்துக்கொள்வதற்காக எழுந்து ஓடினாள்.

"வருது!" என்று படகுக்காரன் கத்தினான். "அண்ணே, வருது! கைல அடிக்குது காத்து!"

பார்க்கலாம் குழாயை வாயிலிருந்து எடுத்தார். பெஞ்சைப் பார்த்தார். தையல்காரியைப் பார்த்தார். மறுபடி பெஞ்சைப் பார்த்தார்.

"தங்கச்சி," என்றார் ரொம்ப மரியாதையாக. "கொஞ்சம் பழைய எடத்துல உக்காரு."

உட்கார்ந்தாள். ஊதினார். "வரலை," என்றான் படகுக்காரன்.

"எழுந்திரு."

"வருது."

"உக்காரு."

"வரலை."

இன்னும் ஒரு முறை செய்யச் சொல்லியிருப்பார். தையல்காரி எழுந்தவள் உட்காரவில்லை. பார்க்கலாம் மெத்தையைத் தள்ளிப் பலகையைத் தூக்கினார். அடியில், டாங்க்கிலிருந்து வருகிற மூச்சுக்குழாய், நேராகப் போகாமல் ஒரு சட்டத்தின் மேலே ஏறி இறங்கிப் போயிற்று. சட்டத்தின்மேல் வருகிற இடத்தில் அது நசுங்கி நசுங்கி வெள்ளையாகத் தடம் விழுந்திருந்தது.

"இதை யாரு இப்படி விட்டது?"

படகுக்காரன் குனிந்து அந்தத் தடத்தைப் பார்த்தான். "பெஞ்சு அடிக்கறப்ப வழில இருந்துச்சுண்ணே. கொஞ்சம் ஒதுக்கி விட்டேன். எடைவெளி இருந்துச்சே. விரல் விட்டுப் பாத்தேனே."

"ஆள் உக்காந்து பாத்தியா? மெல்லிசுப் பலகைய போட்டிருக்க. உக்காந்தா வளையுது, எழுந்தா நிமிருது. டீச்சர் படுத்தா கனம் நீளத்துக்குப் பரவிடுது. இந்தம்மா உக்கார்ற எடம் நேரா குழாய் மேல. நீயும் நின்ன உடனே எல்லாரையும் எழுப்பி விட்டுடற. நானும் பலகையைக் கழட்டி வெச்சிட்டு அன்னிக்கு முழுக்க நாடி பாத்திருக்கேன். நம்ம ரெண்டு பேரையும் இந்த ஏரியிலயே முக்கணும்."

அவர் பேசிக்கொண்டே போனார். தையல்காரியின் காதில் பாதிதான் விழுந்தது. ராசி ராசி என்று நான் சொன்னேனே. ஐந்து தடவையும் உட்கார்ந்திருந்தவள் நான். அண்ணி தலையை மடியில் வைத்துக்கொண்டு, பாவம் பாவம் என்று நெற்றியைத் தடவிக்கொண்டு, அதே நேரத்தில் அடியில் இருந்த மூச்சை அமுக்கிக்கொண்டிருந்தவள் நான்தான். அவளுக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வரும்போல் இருந்தது. இரண்டும் ஒரே வழியில் முட்டிக்கொண்டு எதுவும் வெளியே வரவில்லை.

"அண்ணி," என்றாள். "நான் அன்னிக்கு அடுப்படில…"

"தெரியும்," என்றாள் அண்ணி. கம்பியைப் பிடித்தபடி அவள் உடம்பு குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துத் தையல்காரி கையைப் பற்றினாள். அழவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். "பதினோரு பேரு, எட்டு மூட்டை சிமெண்டு. அதெல்லாம் ஒண்ணும் பண்ணலை பாரு. நீ ஒருத்தி போதும்."

"அண்ணீ!"

"நானும் நம்பினேன்மா." சிரிப்பு அடங்கி அண்ணி சொன்னாள். "நீ சொன்னதுக்கு முன்னாலேர்ந்தே நம்பினேன். அதுதான் எனக்கு ஆறலை. முப்பது வருஷம் எத்தனை பேர் விலாசத்தைத் திருத்தி அனுப்பியிருக்கேன். என் விஷயத்துல தப்பு விலாசத்தை அப்படியே நம்பிட்டேன்."

பார்க்கலாம் குழாயைச் சட்டத்தின் மேலிருந்து இறக்கி, சணல் கயிற்றால் பக்கவாட்டில் கட்டினார். "இது இன்னிக்குத் தாங்கும். நாளைக்குப் புதுக் குழாய்." படகுக்காரன் சாவியைத் திருப்பினான். படகு மூக்கை இறக்கித் தண்ணீர்மேல் எழும்பி ஓட ஆரம்பித்தது. பத்து நிமிடம் ஆயிற்று. அண்ணி மறுபடி படுத்துக்கொண்டாள். தையல்காரி உட்காரவில்லை. குழாயை ஒதுக்கியாயிற்று, இனிமேல் பயமில்லை என்று மூன்று பேரும் சொன்னார்கள். அவள் பெஞ்சோரம் தரையில் மண்டியிட்டு, அண்ணியின் தலைக்கு அடியில் கையை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தாள். இக்கரையின் மரங்கள் தெரிந்தன. முள் அசையவில்லை.

"இந்தா," என்றாள் அண்ணி. இடது கையை மெத்தைக்கு வெளியே நீட்டினாள். ஊசி குத்திய இடத்தில் புதுக்கட்டு வெள்ளையாக இருந்தது. "ரவிக்கைக்கு அளவு எடுக்கணும்னியே. எடு."

தையல்காரி கழுத்திலிருந்து நாடாவை உருவினாள். புதுக்கட்டைத் தொடாமல் அதற்கு மேலே, மெலிந்து போன கையைச் சுற்றிப் பிடித்தாள். நாடாவுக்கு அடியில் அந்தக் கை அதிர்ந்துகொண்டிருந்தது. எஞ்சினின் அதிர்வா, கையின் அதிர்வா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இருபது வருடமாக ஊர் முழுக்க அளவு எடுத்தவள். மூன்று முறை எடுத்தாள், மூன்று அளவு வந்தது.

"என்ன, வரலையா?" என்றாள் அண்ணி.

"வரலை அண்ணி. வீட்டுக்குப் போய் எடுத்துக்கறேன்."

"அவசரமில்ல. வியாழக்கிழமைக்குள்ள தைச்சுடு."